நோய் எது, அப்பா எது?

கேள்வி:

என் அப்பா பத்திர எழுத்தர். கும்பகோணத்துக்கு அருகே ஒரு சார்பதிவாளர் அலுவலக வாசலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்து எழுதியவர். எழுத்தைப் பார்த்தே இது இவர் எழுதிய பத்திரம் என்று ஊரில் சொல்வார்கள். அவருக்கு 63 வயதில் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. பதினோரு ஆண்டுகள் அதோடு வாழ்ந்து, சென்ற ஐப்பசியில் நிமோனியாவால் காலமானார். இப்போது முதலாம் ஆண்டு திதி வருகிறது.

அவரை நினைத்தால் எனக்குக் கடைசி நான்கு ஆண்டுகள்தான் நினைவுக்கு வருகின்றன. கல்லைப் போன்ற முகம், வாய்க்குள்ளேயே முடிந்துபோகும் பேச்சு, திண்ணையில் யாரோ சிறு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி “அந்தப் பிள்ளைங்களுக்குச் சோறு போட்டியா?” என்று நாள்தோறும் கேட்டது, அம்மாவின் மேல் அவர் சுமத்திய வாய் கூசும் பழி. ஒரு நாள் காலையில் நிலைப்படியைத் தாண்ட முடியாமல் பத்து நிமிடம் நின்றார். அன்று மாலையே என் மகன் கிணற்றடியில் வழுக்கி விழப்போனபோது விறுவிறுவென்று வந்து அவனைப் பிடித்துவிட்டார். “அப்ப இத்தனை நாளும் நடிச்சீங்களாப்பா?” என்று நான் கத்திவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. கடைசி வாரம் நான் ஊட்டிய கஞ்சி புரையேறித்தான் நிமோனியா வந்ததோ என்ற எண்ணமும் என்னை விடவில்லை.

அம்மா அவரைப் பற்றிப் பேசவே மறுக்கிறார். “நோய் வர்றதுக்கு முன்னாடியே தூக்கத்துல என்னை அடிச்சவர்தானே” என்கிறார். அண்ணன் நாளிதழ் அஞ்சலிக்கு இருபது ஆண்டுகளுக்கு முந்தைய புகைப்படத்தை எடுத்து வைத்திருக்கிறார், நோயாளியாக இருந்த அப்பாவை மறந்துவிடு என்கிறார். அப்பா எழுதிய வீட்டுக் கணக்கு நோட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. இறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நின்றுபோன கடைசி நோட்டின் கடைசிப் பக்கத்தை யாராலும் படிக்க முடியவில்லை. அவரை நான் எப்படி நினைப்பது? எனக்கும் இந்நோய் வருமா?

— ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை முதல் முறை நரம்பியல் மருத்துவன் என்ற முறையில் படித்தேன். அதில் நீங்கள் சொல்லியிருக்கும் பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்கு எங்கள் பாடநூல்களில் பெயர் இருக்கிறது. இரண்டாம் முறை படித்தபோதுதான், எந்தப் பாடநூலிலும் பெயர் இல்லாத சில செய்திகளும் அதில் இருப்பதைக் கவனித்தேன். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதே உங்களுக்கு நான் செய்யக்கூடிய உதவி என்று நினைக்கிறேன். ஏனென்றால் நீங்கள் கேட்டிருப்பவை பல கேள்விகளானாலும், அவற்றுக்கெல்லாம் அடியில் ‘நான் அத்தனை ஆண்டுகளும் பார்த்தது அப்பாவையா, நோயையா’ என்ற ஒரே கேள்விதான் கிடக்கிறது.

கிணற்றடியில் நீங்கள் கத்திய அந்தச் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். இந்நோயாளிகளின் குடும்பங்களோடு நெடுங்காலமாகப் பேசி வருகிறேன். இந்தச் சொல்லையோ இதன் சாயலில் வேறொன்றையோ ஒரு முறையாவது சொல்லாத வீடு மிகக் குறைவு. காலையில் அசையாத கால் மாலையில் ஓடுவதைக் கண்ணால் பார்த்தவருக்கு வேறு என்ன தோன்றும்? நோயின் இயல்பை முன்கூட்டியே யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை என்பதுதான் அங்கே நடந்த பிழை. அந்தப் பிழை எங்களைப் போன்ற மருத்துவர்களுடையது, உங்களுடையது அன்று.

நடக்கும்போது நாம் ஒவ்வோர் அடியையும் எண்ணி வைப்பதில்லை. எழுவது, திரும்புவது, வாசலைத் தாண்டுவது முதலான பழகிய அசைவுகளை, நமக்குத் தெரியாமலே, மூளையின் உள்ளாழத்தில் இருக்கும் சில நரம்புத் திரள்கள் தொடங்கி வைக்கின்றன. அவற்றுக்கு டோபமின் என்ற வேதிப்பொருளை அனுப்புவது, நடுமூளையில் கருமை நிறத்தோடு இருக்கும் ஒரு சிறிய பகுதி. பார்க்கின்சன் நோயில் அந்தப் பகுதியின் செல்கள் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக மடிகின்றன; கை நடுக்கமோ நடைத் தளர்ச்சியோ முதன்முதலாகக் கண்ணில் படும்போதே அவற்றில் ஏறக்குறையப் பாதி போயிருக்கும். தசையில் வலிமை இருக்கும், நடக்க வேண்டும் என்ற எண்ணமும் இருக்கும், தானாகப் பிறக்க வேண்டிய அந்த முதல் அடி மட்டும் பிறக்காது. நிலைப்படியிலும் குறுகலான வழியிலும் திரும்பும் இடத்திலும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவது இதனால்தான். ஆனால் கண்ணெதிரே திடீரென்று ஒன்று நடந்து உடல் அதற்கு விடைகொடுக்க வேண்டி வந்தால், மூளை வேறொரு பாதையைப் பிடிக்கிறது. வெளியிலிருந்து வரும் காட்சியோ ஓசையோ பழுதடைந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போக வழிவிடுகிறது. தரையில் குறுக்குக் கோடுகளாக வண்ண நாடா ஒட்டினால், நின்றுபோன கால் அந்தக் கோட்டைத் தாண்டி நடப்பதும், தாளம் போட்டால் நடை சீராவதும் இதே காரணத்தால்தான். 19ஆம் நூற்றாண்டில் இந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரைச் சூட்டிய பாரிஸ் நகரத்து மருத்துவர் ஷார்கோ, ‘நடுக்கு வாதம்’ என்ற முந்தைய பெயரை ஏற்காததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, இவர்களுடைய தசைவலிமை போய்விடுவதில்லை என்பது. ஆகவே காலையில் நிலைப்படியில் நின்ற கால்களும் உண்மை, மாலையில் கிணற்றடிக்கு வந்த கால்களும் உண்மை. அவர் ஒரு கணமும் நடிக்கவில்லை.

அப்படியானால், அவர் பதில் சொல்லாமல் நின்றது? இந்நோயில் முகத்தின் தசைகளும் தாமாக அசைவதைக் குறைத்துக்கொள்கின்றன. நமக்கெல்லாம் கண்ணிமை நிமிடத்துக்குப் பதினைந்து இருபது முறையாவது தானாக மூடித் திறக்கும். இவர்களுக்கு அதுகூட மிகவும் குறைந்துவிடும். மனத்தில் சிரிப்பு எழும், முகத்துக்கு வராது. துக்கம் எழும், அதுவும் வராது. எண்ணத்தைச் சொல்லாக்குவதும் மெதுவாகிவிடுவதால், நாம் கேட்ட கேள்விக்கு அவர் விடையைத் தேடி எடுத்து வாயைத் திறப்பதற்குள் நாம் அறையை விட்டே போயிருப்போம். நோயாளியின் முகத்தைப் பார்த்து அவர் மனத்தைக் கணிப்பதில் பழகிய மருத்துவர்களே தவறுகிறார்கள். அன்று உங்கள் சொல் அவருக்கு வலிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் முகத்தில் ஒன்றும் தெரியாதவருக்கு உள்ளேயும் ஒன்றும் இல்லை என்று நானே சொன்னதாகிவிடும். வலித்திருக்கலாம். ஆனால் பேரனைத் தன் கையால் பிடித்து நிறுத்தியதும் அதே மாலையில் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சொல்லை நீங்கள் நினைக்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் கையையும் சேர்த்து நினைக்க உங்களுக்கு உரிமை உண்டு, அது அந்தச் சொல்லைப் போலவே உண்மையாக நடந்தது.

அடுத்தது, திண்ணையில் அவர் கண்ட பிள்ளைகள். ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் 1817இல் இந்நோயைப் பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டபோது ஆறே பேரை வைத்துத்தான் எழுதினார். அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. நடுக்கத்தையும் கூன் விழுந்த நடையையும் வியக்கத்தக்க நுட்பத்தோடு விவரித்த அவர், புலன்களும் அறிவும் பழுதாவதில்லை என்று எழுதிவிட்டார். தெருவில் பார்ப்பவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். வீட்டுக்குள் நடப்பது வேறு என்பதை மருத்துவ உலகம் முழுமையாக ஒப்புக்கொள்ள மிக நீண்ட காலம் பிடித்தது. நோய் முற்றும்போது பலருக்கு இல்லாத உருவங்கள் தெரிகின்றன. சிறு பிள்ளைகள், பூனை, நாய், பின்னால் யாரோ நிற்பது போன்ற உணர்வு ஆகியவை அடிக்கடி வருபவை. நோயும் காரணம், சில வேளைகளில் அதற்குக் கொடுக்கும் மருந்துகளும் காரணம்.

ஆகவே திண்ணைப் பிள்ளைகள் நோயின் வேலை. வேறு வீடுகளிலும் அவர்களைப் போன்றவர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் அவர்களைக் கண்டு பயந்து கதவைச் சாத்தச் சொன்னார், இன்னொருவர் கைத்தடியை ஓங்கினார், வேறொருவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்குச் சோறு போட்டாயிற்றா என்று நாள்தோறும் கேட்ட ஒருவரைப் பற்றி உங்கள் கடிதத்தில்தான் முதன்முதலாகப் படிக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பாடநூலில் பெயர் கிடையாது. என் நெடுநாள் பழக்கத்தில் நான் கைக்கொண்டிருக்கும் ஓர் அளவுகோலை உங்களுக்கும் தருகிறேன்: எல்லா வீடுகளிலும் ஒரே அச்சில் வருவதை நோயின் கணக்கில் எழுதுங்கள், உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததை அப்பாவின் கணக்கில் எழுதுங்கள். வீட்டு வாசலுக்கு வந்தவர் பசியோடு போகக் கூடாது என்ற நினைப்பு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கோ அம்மாவுக்கோ தெரிந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இங்கே நீங்கள் என்னை மறித்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சோறு போடச் சொன்னது அப்பா, அம்மாவின் மேல் பழி சொன்னது நோய் என்று பிரிப்பது, நல்லதையெல்லாம் அவர் பேருக்கும் கெட்டதையெல்லாம் நோயின் பேருக்கும் பத்திரம் முடித்துக் கொடுப்பதாகாதா? அந்த ஐயம் நியாயமானது. அதனால்தான் நல்லது கெட்டது என்பதை நான் அளவுகோலாக வைக்கவில்லை. மனைவியின் நடத்தையை ஐயுறும் பிரமை இந்நோயில் நன்றாக அறியப்பட்ட ஒன்று. டோபமினைப் போல வேலை செய்யும் மருந்துகள் அதைத் தூண்டுவதும் உண்டு. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு சாதிகளில், ஒருவரையொருவர் அறியாத குடும்பங்களில், நாற்பது ஆண்டுகள் மனைவியை ஒரு சொல் சொல்லாத ஆண்களிடமிருந்து கேட்டவை என்று, நாணிக்கொண்டே அந்தப் பெண்கள் எனக்குச் சொல்லும் வாசகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. பழி விழுவதும் பெரும்பாலும் இரவும் பகலும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர் மேல்தான். அது அவருடைய மனத்தில் நெடுநாள் பூட்டி வைத்திருந்து வெளியே வந்த எண்ணம் என்று கொள்ள மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

தூக்கத்தில் அடித்ததையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் அம்மாவின் மனத்தில் இரண்டும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன என்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. நாம் கனவு காணும் உறக்கத்தில், கனவில் ஓடினாலும் உடல் ஓடாமல் இருப்பதற்காக, மூளைத்தண்டு தசைகளைக் கட்டிப்போட்டு வைக்கிறது. பார்க்கின்சன் நோய் பலருக்கு நடுக்கத்தில் தொடங்குவதில்லை. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பேகூட மூளைத்தண்டைத் தொட்டு அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது. அப்போது கனவில் செய்வதையெல்லாம் கை கால்கள் செய்யும். அந்தக் கனவும் பெரும்பாலும் யாரோ துரத்துவதாகவோ விலங்கு பாய்வதாகவோ இருக்கும். அதை விரட்ட ஓங்கிய கை பக்கத்தில் படுத்திருப்பவர் மேல் விழும். பலர் காலையில் எழுந்தபின் அதை அறியவே மாட்டார்கள். ஆகவே “நோய் வர்றதுக்கு முன்னாடியே” என்று அம்மா சொல்வது உண்மையில் நோய் வந்துவிட்ட பிறகு நடந்தது. நமக்குத்தான் அது அப்போது தெரியவில்லை.

அடுத்து வரும் வரிகளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அம்மா, உங்களை அடித்த கையிலும், பழித்த வாயிலும் உங்கள் கணவரின் எண்ணம் இருக்கவில்லை என்பதை ஒரு மருத்துவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன். ஆனால் அது நோய் என்று தெரிந்துவிட்டதனால் உங்களுக்கு நேர்ந்தது நேராததாகிவிடாது. அந்தச் சொற்களைக் கேட்டுக்கொண்டேதான் அவருக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தீர்கள். இந்நோயில் மாத்திரை அரை மணி தள்ளிப்போனால் கால் நின்றுவிடும், பருப்பும் தயிரும் மாத்திரையோடு சேர்ந்து போனால் அது சரியாக வேலை செய்யாது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். ஒரு நாளைக்கு ஐந்து வேளை என்று வைத்துக்கொண்டால்கூட, ஓர் ஆண்டுக்கு 1,800 தடவைக்கு மேல் ஆகிறது. கோபத்தோடு கொடுத்த மாத்திரையும் வேலை செய்தது. அவரை மன்னித்துவிட்டேன் என்று திதியன்று நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, பேசப் பிடிக்கவில்லை என்றால் பேசாமலும் இருக்கலாம்.

சகோதரி, அம்மாவின் மௌனத்தை உடைக்க அவசரப்படாதீர்கள். அவர் சாப்பாட்டையும் தூக்கத்தையும் வாரக்கணக்கில் விட்டுவிட்டாலோ, தானும் போய்விட்டால் நல்லது என்ற பேச்சு வந்தாலோ, அதைத் துக்கம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசின் கட்டணமில்லா மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். உங்களுக்கும் அந்த எண் பயன்படும்.

கஞ்சியைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனாலும் உங்களை அதிகம் வருத்துவது அதுதானோ என்று எனக்குப் படுகிறது. விழுங்குவதும் நடப்பதைப் போலத் தானாக நடக்க வேண்டிய அசைவுதான். விழித்திருக்கும்போதும் உறங்கும்போதும் நாம் எண்ணாமலே எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்கிறோம். நோயின் கடைசிக் கட்டத்தில் அது தளர்ந்து, உணவும் நீரும் வாயில் ஊறும் எச்சிலும் சிறிது சிறிதாக மூச்சுக்குழாய்க்குள் இறங்குகின்றன; இருமல் வந்து எச்சரிப்பதும் குறைந்துவிடுவதால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. இந்நோயாளிகளின் இறப்புக்கு மிக அடிக்கடி காரணமாவது இவ்வாறு வரும் நிமோனியாதான். நிமிர்த்தி உட்கார வைப்பது, முகவாயைச் சற்றுத் தாழ்த்தச் சொல்வது, மருந்து வேலை செய்யும் நேரத்தில் கெட்டியான உணவாகச் சிறிது சிறிதாகக் கொடுப்பது ஆகியவை, இப்போது இந்நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற வாசகர்கள் அறிந்திருக்க வேண்டியவை. ஆனால் இவற்றையெல்லாம் தவறாமல் செய்த வீடுகளிலும் நிமோனியா வந்திருக்கிறது, ஒன்றும் ஊட்டாமல் குழாய் வழியாக உணவு கொடுத்தவர்களுக்கும் வந்திருக்கிறது. இந்தக் கரண்டியில்தான் வந்தது என்று எந்த மருத்துவராலும் காட்ட முடியாது. அந்த வாரம் நீங்கள் ஊட்டாமல் இருந்திருந்தால் அவர் பசியோடு இருந்திருப்பார், அவ்வளவுதான்.

உங்களுக்கும் வருமா என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே விடை சொல்லலாம். பார்க்கின்சன் நோயில் பெரும்பகுதி பரம்பரையாக வருவதில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடும் என்பது உண்மை. ஆனாலும் அப்படிப்பட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அது வருவதே இல்லை. குடும்பத்தில் பலருக்கு இருந்தாலோ, இளவயதிலேயே வந்திருந்தாலோதான் மரபணுவைப் பற்றி யோசிப்போம். உங்கள் அப்பாவுக்கு 63 வயதில் தெரியவந்தது. நீங்கள் சோதனை எதுவும் செய்துகொள்ள வேண்டியதில்லை, நாள்தோறும் நன்றாக வியர்க்க நடந்தால் போதும்.

இனி, அண்ணன் சொல்வதைப் பற்றி. நாளிதழுக்கு எந்தப் புகைப்படத்தை வேண்டுமானாலும் கொடுங்கள். ஊரார் அடையாளம் கண்டுகொள்வதற்கு அந்தப் பழைய படம்தான் பொருத்தமாகவும் இருக்கும். ஆனால் நோயாளியாக இருந்த அப்பாவை மறந்துவிடு என்ற அவருடைய அறிவுரையை நான் ஏற்கவில்லை. இறந்தவர்களின் நல்ல நாட்களை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள் என்று நம்மில் பலரும் ஆறுதல் சொல்கிறோம். பதினோரு ஆண்டுகள் என்பது உங்கள் அப்பாவின் வாழ்நாளில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. உங்கள் மகனுக்குத் தெரிந்த தாத்தா அந்த ஆண்டுகளில் மட்டும்தான் இருந்தார். கிணற்றடியில் தன்னைப் பிடித்தவரை அவன் ஏன் மறக்க வேண்டும்? அந்த ஆண்டுகளைத் தூக்கி எறிவதால் அப்பா உங்களுக்குத் திரும்பக் கிடைக்க மாட்டார். நோயின் பாஷை தெரியாமல் வாழ்ந்த அந்த ஆண்டுகளை, இப்போது அது தெரிந்த பிறகு, திரும்ப ஒரு முறை வாசித்துப் பார்ப்பதுதான் நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது. சிரிக்காத அந்தக் கடைசிப் புகைப்படங்களில் ஒன்றையும் வீட்டில் வைத்திருங்கள். அந்தப் படத்தில் தெரிவது கோபம் இல்லை என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

வாசிப்பதற்கு உங்கள் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டியே இருக்கிறது. இந்நோய் வந்தவர்களின் எழுத்து சிறுத்துப்போகும். நாங்களும் நோயாளியை முதன்முறை பார்க்கும்போது ஒரு வாக்கியம் எழுதச் சொல்வது வழக்கம். வரியின் தொடக்கத்தில் சற்றுப் பெரிதாக இருக்கும் எழுத்து, வரி முடிவதற்குள் நெருங்கிச் சிறுத்துவிடும். நோட்டுகளை ஆண்டு வரிசையில் அடுக்கிப் பார்த்தால், நோய் என்று தெரிந்ததற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே எழுத்து இறங்கத் தொடங்கியிருப்பதை நீங்கள் காணக்கூடும். அப்போது, இதை அன்றே கவனித்திருந்தால் என்ற புதிய வருத்தம் ஒன்று பிறக்கும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். 1960களில் புழக்கத்துக்கு வந்த லெவோடோபா இன்றுவரை இந்நோய்க்குத் தலையான மருந்து. அது குறைந்துபோன டோபமினை ஈடுகட்டுகிறதே தவிர, செல்கள் மடிவதைத் தடுத்து நிறுத்தும் என்று நிறுவப்பட்ட மருந்து எதுவும் இன்னும் இல்லை. இரண்டு ஆண்டுகள் முன்னால் கண்டுபிடித்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது.

இந்தச் சிறுத்தலில் ஒரு வேதனை இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது, தான் சரியான அளவில்தான் எழுதுவதாக அவர்களுக்குத் தோன்றும். குரல் தாழ்ந்துபோனவர்கள், நன்றாகச் சத்தமாகத்தானே பேசுகிறேன், உங்களுக்கு ஏன் கேட்கவில்லை என்று கேட்பதைப் போலத்தான் இதுவும். எழுதி முடித்துப் பார்க்கும்போதுதான் எவ்வளவு சிறுத்துவிட்டது என்று தெரியும், தெரிந்தாலும் அடுத்த வரியில் திருத்த வராது. மற்றவர்களுக்கே இது வலிக்கும் என்றால், எழுத்தாலேயே பிழைத்து, எழுத்தாலேயே ஊரில் அறியப்பட்டிருந்த ஒருவருக்கு எப்படி இருந்திருக்கும்! நான் அறிந்த பெரும்பாலானவர்கள் எழுத்து சிறுத்ததும் கூச்சப்பட்டுப் பேனாவை வைத்துவிடுகிறார்கள். காசோலையில் கையெழுத்துப் போடக்கூட மகனை விட்டு வங்கியில் பேசச் சொல்வார்கள். உங்கள் அப்பா நோய் தெரிந்த பிறகும் ஒன்பது ஆண்டுகள் பால் கணக்கும் மளிகைக் கணக்கும் எழுதியிருக்கிறார். அந்த ஒன்பது ஆண்டு நோட்டுகளும் என் அளவுகோலின்படி அப்பாவின் கணக்கில்தான் வரும்.

திதிக்கு முன் ஒரு மதியப்பொழுது, மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பெட்டியைத் திறங்கள். நோட்டில் பேனா நின்றுபோன இடங்களும், ஒரே தொகை இரண்டு முறை எழுதப்பட்ட இடங்களும் இருக்கும், பொருட்படுத்தாதீர்கள். பேரனுக்குப் பிறந்தநாள் செலவு, அம்மாவுக்குப் புடவை, கோயிலுக்குக் கொடுத்தது, வாசலுக்கு வந்தவருக்குக் கொடுத்தது என்று அவர் எதையெல்லாம் எழுதி வைக்கத் தக்கதாக நினைத்தார் என்பதைப் பாருங்கள். திண்ணைப் பிள்ளைகளுக்குச் சோறு கேட்டவரை அங்கேயே எங்காவது நீங்கள் காணக்கூடும்.

கடைசிப் பக்கத்தைப் படிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்நோயில் எழுத்தின் அளவு சுருங்கும் அளவுக்கு அதன் உருவம் பெரும்பாலும் கெடுவதில்லை, சுழியும் கொம்பும் பல வேளைகளில் அப்படியே இருக்கும். நல்ல பகல் வெளிச்சத்தில் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து, ஒவ்வொரு வரியாகப் பெரிதாக்கிப் பாருங்கள். வரியின் தொடக்கச் சொல்லிலிருந்து தொடங்குங்கள், அது சற்றுப் பெரிதாக இருக்கும். அப்படியும் விளங்காத சொற்களை அம்மாவிடம் காட்டுங்கள். அந்த மாதத்துப் பால் கணக்கு எவ்வளவு என்று அவருக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
உங்கள் நரம்பியல் மருத்துவர்